ஹேஷ் ஒத்துப்போனால் போதுமா? – கணினி கேள்வி பதில்

டவுன்லோடு செய்த மென்பொருள் ஃபைல் எது, அது அசல்தானா என்று ஹேஷ் எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றி நெல்லை, தென்காசி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ டவுன்லோடு பண்ணுற பக்கத்துல எஸ்எச்ஏ256னு போட்டு ஒரு முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணுமா இருக்கு. அதை வச்சு என்ன செய்யணும் அண்ணாச்சி? நான் பார்க்காமலேதான் இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்.
– கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர், வள்ளியூர்

ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் ஒரு கணக்குக்குள் ஓட்டி எடுக்கும் விடை அது. அந்த விடைக்குப் பெயர்தான் ஹேஷ், எஸ்எச்ஏ256 என்பது கணக்கின் பெயர். 10 எம்பி ஃபைலானாலும் 6 ஜிபி ஐஎஸ்ஓவானாலும் (இன்ஸ்டால் டிஸ்க்கின் முழுப் பிரதியை ஒரே ஃபைலாக்கியது) எஸ்எச்ஏ256 தரும் விடை 256 பிட்தான். எழுதினால் 64 எழுத்து: 0 முதல் 9 வரை எண்கள், ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகள். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்கள் புரண்டுவிடும். ஃபைலின் பெயரும் தேதியும் இந்தக் கணக்கில் சேராது. 'செட்டப்' என்றிருப்பதை 'முருகன் துணை' என்று மாற்றினாலும் ஹேஷ் அதேதான்.

கடையில் இருப்பது விண்டோஸ் என்றால், ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்து பவர்ஷெல்லைத் திறங்கள். விண்டோஸ் 11இல் 'ஓப்பன் இன் டெர்மினல்' என்று இருக்கும். அங்கே 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்று அடித்து, இடைவெளி விட்டு ஃபைல் பெயரைக் கொடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் அது எஸ்எச்ஏ256தான் போடும். பழைய கமாண்ட் பிராம்ப்ட்தான் பழக்கம் என்றால் 'செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்', பிறகு ஃபைல் பெயர், பிறகு 'எஸ்எச்ஏ256'. கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் எஸ்எச்ஏ1 விடை வந்து, எதோடும் ஒட்டாமல் குழப்பும். லினக்ஸில் 'எஸ்எச்ஏ256சம்' என்ற கட்டளை.

7-ஜிப் போட்டிருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே 'சிஆர்சி எஸ்எச்ஏ' என்று ஒரு வரி உண்டு. அதில் சிஆர்சி-32 என்பதைத் தொடாதீர்கள். அது 8 எழுத்து மட்டுமே. தற்செயலாக விழுந்த பிழையைக் காட்டும், வேண்டுமென்றே மாற்றியதைக் காட்டாது.

இரண்டு எண்களையும் கண்ணால் ஒப்பிடாதீர்கள். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்துவிட்டு 'சரி' என்று போவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் அந்த அளவுக்கு மட்டும் ஒத்துப்போகும்படி ஃபைல் தயாரிப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையில்லை. பவர்ஷெல்லில் ஓர் எண்ணை ஒற்றை மேற்கோளுக்குள் ஒட்டி, '-ஈக்யூ' அடித்து, மற்றதையும் அதேபோல் ஒட்டி என்டர் தட்டுங்கள். 'ட்ரூ' என்று வந்தால் இரண்டும் ஒன்றேதான். விண்டோஸ் பெரிய எழுத்தில் காட்டும், தளம் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்த வித்தியாசம் கணக்கில்லை. விண்டோஸ் 7இல் செர்ட்யூட்டில் இரண்டிரண்டு எழுத்தாக இடைவெளி விட்டுக் காட்டும், அதை மட்டும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

எண்ணின் நீளமே எந்தக் கணக்கு என்று சொல்லிவிடும். 32 எழுத்து எம்டி5, 40 எழுத்து எஸ்எச்ஏ1, 64 எழுத்து எஸ்எச்ஏ256, 128 எழுத்து எஸ்எச்ஏ512. நீளமே வேறாக இருக்கும் இரண்டை வைத்துக்கொண்டு 'ஒத்துவரவில்லை' என்று திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்பவர்கள் உண்டு.

மேற்படி எண்ணும் அதே வெப்சைட்டில்தானே இருக்கிறது? ஃபைலை மாற்றுகிறவன் எண்ணையும் மாற்றிவிட மாட்டானா?
– பாலிடெக்னிக் மாணவி, பேட்டை

மாற்றுவான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஹேஷ் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் வெப்சைட்டுக்குள் ஆட்கள் புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பை, பின்கதவு (வெளியாள் ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓ இருந்த வேறொரு சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். டவுன்லோடு பக்கமே அவர்கள் கையில் இருக்கும்போது, அந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு என்ன மதிப்பு?

ஹேஷ் சொல்வது ஒன்றே ஒன்று: என் கையிலிருக்கும் ஃபைலும், எண் கொடுத்தவர் கையிலிருந்த ஃபைலும் ஒன்று. எண் கொடுத்தவர் யார் என்று அது சொல்லாது. ஆகவே எண்ணை வேறு வழியில் வாங்க வேண்டும். நண்பர் பென்டிரைவில் தந்த ஐஎஸ்ஓவா? எண்ணை அதே பென்டிரைவிலிருந்து எடுக்காமல், தயாரித்தவர்களின் தளத்தில் எடுங்கள். மிரரிலிருந்து (அதே ஃபைல்களின் பிரதியை வைத்திருக்கும் வேறொரு சர்வர்) இறக்கினீர்களா? எண்ணை மிரரில் பார்க்காமல் மூலத் தளத்தில் பாருங்கள்.

இதைவிட உறுதியானது டிஜிட்டல் கையெழுத்து. உபுண்டு லினக்ஸில் 'எஸ்எச்ஏ256சம்ஸ்' என்று ஒரு ஃபைலும், அதே பெயரில் '.ஜிபிஜி' என்று முடியும் இன்னொன்றும் இருக்கும். முதலில் உள்ளது எண்களின் பட்டியல், இரண்டாவது அந்தப் பட்டியலுக்கான கையெழுத்து. 'ஜிபிஜி --வெரிஃபை' என்று அடித்துக் கையெழுத்து ஃபைலை முதலிலும் பட்டியலை அடுத்தும் கொடுங்கள். சாவி இல்லை என்று சொன்னால் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் உபுண்டுவின் பொதுச்சாவியை முதலில் இறக்க வேண்டும். பிறகு 'குட் சிக்னேச்சர்' என்று வரும். கூடவே 'இந்தச் சாவி நம்பகமானது என்று சான்று இல்லை' என்றொரு எச்சரிக்கையும் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்கள் கணினியில் அந்தச் சாவியை யாரும் நம்பகமானது என்று குறிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சாவியின் 40 எழுத்து அடையாளத்தை வேறொரு இடத்தில், பழைய கையேட்டிலோ ஏற்கெனவே உபுண்டு ஓடும் ஒரு கணினியிலோ, ஒப்பிட்டே ஆக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மோசக்காரன் தன் சொந்தச் சாவியால் போட்ட கையெழுத்துக்கும் 'குட்' என்றுதான் வரும்.

கடைசியாக 'எஸ்எச்ஏ256சம் -சி', பட்டியலின் பெயர், '--இக்னோர்-மிஸ்ஸிங்'. இந்தக் கடைசிச் சொல் இல்லையென்றால் நீங்கள் இறக்காத ஐஎஸ்ஓக்களுக்கெல்லாம் 'ஃபைல் இல்லை' என்று புலம்பும்.

பழைய ஜாவா புராஜெக்ட் ஒன்று என் பொறுப்பில் வந்திருக்கிறது. லிப் ஃபோல்டரில் வெர்ஷன் எண்ணே இல்லாமல் வெறும் 'லாக்.ஜார்', 'காமன்ஸ்.ஜார்' என்று ஏகப்பட்ட ஃபைல்கள். எது எந்தப் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– மென்பொருள் பணியாளர், பாளையங்கோட்டை

ஹேஷின் உண்மையான பயன் இங்கேதான். பெயர் பொய் சொல்லும், யாரோ ஒருவர் மாற்றியிருப்பார். ஜாருக்குள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் இருக்கும் மேனிஃபெஸ்ட்டையும், அதன் கீழே மேவன் என்ற ஃபோல்டருக்குள் 'பாம்.ப்ராபர்ட்டீஸ்' ஃபைலையும் முதலில் பாருங்கள். ஜார் என்பது ஜிப் தான், 7-ஜிப்பிலேயே திறக்கும். பாதிக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஆனால் அது தயாரித்தவர் எழுதிவைத்த வாக்குமூலம். ஃபைல் அப்படியே இருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை.

சாட்சி வேண்டுமென்றால் எஸ்எச்ஏ1 எடுங்கள். பழையதாயிற்றே என்று யோசிக்காதீர்கள்: ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல் தேடுவதற்கு வைத்திருக்கும் எண் அதுதான். லினக்ஸில் லிப் ஃபோல்டருக்குள் நின்று 'எஸ்எச்ஏ1சம் *.ஜார்' என்று ஒரே தட்டு. வரும் ஒவ்வொரு 40 எழுத்தையும் மேவன் சென்ட்ரல் தேடல் ஏபிஐயில் (நிரல்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் முகவரி) '1:' என்ற முன்னொட்டோடு கொடுத்தால் குரூப், ஆர்ட்டிஃபேக்ட், வெர்ஷன் மூன்றும் வந்துவிடும். எண்ணிக்கை அதிகமென்றால் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, கேள்விக்குக் கேள்வி ஒரு விநாடி விட்டு ஓட்டுங்கள். பொது சர்வரை மொத்தமாக இடித்தால் உங்களைத்தான் தடுப்பார்கள்.

சிலதுக்கு விடை வராது. காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. அது உங்கள் நிறுவனமே பில்டு செய்தது, வெளியில் இல்லவே இல்லை. அல்லது மூலத்தை எடுத்து யாரோ மறுபடி பேக் செய்திருக்கிறார்கள்: உள்ளே இருக்கும் கிளாஸ் ஃபைல்கள் அப்படியே இருந்தாலும், ஜிப்பில் பதியும் நேரமும் ஃபைல்களின் வரிசையும் மாறினால் வெளி ஹேஷ் மாறிவிடும். அல்லது பல லைப்ரரிகளை ஒன்றாகக் குழைத்த பெரிய ஜார். இப்படிப்பட்டதைப் பிரித்து, உள்ளே முழு ஜார்களாக இருந்தால் அவற்றுக்குத் தனித்தனியே ஹேஷ் எடுங்கள். வெறும் கிளாஸ்களாகக் கொட்டியிருந்தால், சந்தேகப்படும் பதிப்பை மேவனிலிருந்து இறக்கி, இரண்டு பக்கமும் கிளாஸ் கிளாஸாக ஹேஷ் எடுத்து ஒப்பிட வேண்டும். வேலை கூடுதல்தான், வேறு வழியில்லை.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது இந்த வித்தியாசம் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. ஓட்டையுள்ளவை 2.0-பீட்டா9 முதல் 2.14.1 வரை. பெயர் மாற்றிப் போட்டிருந்த லாக்4ஜே-கோர் ஜார்களை ஹேஷ் பட்டியல் நொடியில் பிடித்துக் கொடுத்தது. பெரிய ஜாருக்குள் புதைந்திருந்தவை வெளி ஹேஷில் சிக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது: உடனடித் தற்காப்பாக 'ஜேஎன்டிஐலுக்அப்' என்ற ஒரு கிளாஸை மட்டும் ஜாரிலிருந்து நீக்கச் சொன்னார்கள். நீக்கிய ஜாரின் ஹேஷ் ஓட்டை உள்ளவற்றின் பட்டியலிலும் இல்லை, சரிசெய்தவற்றின் பட்டியலிலும் இல்லை. உங்கள் 'லாக்.ஜார்' எங்கேயும் கிடைக்காவிட்டால் முதலில் அந்தக் கிளாஸ் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

டெபியன் லினக்ஸின் பேக்கேஜ்களுக்கும் ('.டெப்' என்று முடியும் இன்ஸ்டால் ஃபைல்கள்) இதே வசதி உண்டு. டெபியன் ஸ்னாப்ஷாட் களஞ்சியம் 2005 முதல் வந்த பேக்கேஜ்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஃபைலுக்கும் முகவரியே எஸ்எச்ஏ1 எண்தான். உபுண்டு கணினியில் இப்போதைய பதிப்புதானா என்று மட்டும் பார்க்க இணையம்கூட வேண்டாம்: 'ஆப்ட்-கேஷ் ஷோ' என்று அடித்து பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் சைஸ், எஸ்எச்ஏ256 இரண்டும் வரும். அதையும் கையிலுள்ள டெப் ஃபைலின் எண்ணையும் ஒப்பிடலாம். பைத்தான் வீல் (பைத்தான் மொழியின் இன்ஸ்டால் ஃபைல்) என்றால் பைத்தான் களஞ்சியமான பைபிஐ பக்கத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ256 போட்டிருப்பார்கள்.

ஹாஸ்டல் வைஃபையில் இறக்கிய டெப் ஃபைல் ஹேஷ் ஒத்துவரவில்லை. மூன்று முறை இறக்கியும் அதே கதை. வைரஸா?
– எம்.எஸ்சி. மாணவர், அபிஷேகப்பட்டி

முதலில் சைஸைப் பாருங்கள். 80 எம்பி இருக்க வேண்டியது 6 கேபி இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் இறக்கியது ஹாஸ்டல் வைஃபையின் லாகின் பக்கம். லாகின் காலாவதியானதும் எந்த முகவரி கேட்டாலும் அந்தப் பக்கத்தையே அனுப்பும் நெட்வொர்க்குகள் உண்டு. டவுன்லோடு நிரல் அதை அப்படியே '.டெப்' என்ற பெயரில் சேமித்துவிடும். 'ஃபைல்' என்ற கட்டளைக்குப் பெயரைக் கொடுத்தால் 'எச்டிஎம்எல் டாக்குமென்ட்' என்று சொல்லிவிடும். சைஸ் 0 என்றால் ஹேஷ் இ3பி0சி442 என்று தொடங்கி 7852பி855 என்று முடியும். உலகத்தில் எந்த வெற்று ஃபைலுக்கும் எஸ்எச்ஏ256 அதுதான்.

சைஸ் கொஞ்சம் குறைந்தால் டவுன்லோடு நடுவில் அறுந்திருக்கிறது. சைஸ் ஒரு பைட் பிசகாமல் சரி, ஹேஷ் மட்டும் வேறு என்றால், அதே ஃபைலுக்கு இன்னொரு முறை ஹேஷ் எடுங்கள். விடை இரண்டு முறையும் ஒன்றேயானால் ஃபைல்தான் வேறு: தளத்தில் புதுப் பதிப்பு ஏறியிருக்கலாம், நீங்கள் வேறு ஆர்க்கிடெக்சருக்கான (ப்ராசசர் வகை) எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது பழைய பாதியும் புதுப் பாதியும் ஒட்டியிருக்கலாம். பழையதை அழித்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு முறை முழுதாக இறக்குங்கள்.

விடை ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் ஃபைலை விடுங்கள், கணினியைப் பாருங்கள். மாறாத ஃபைலுக்கு ஹேஷ் மாறாது. ராம் அல்லது டிஸ்க் கேபிள் கோளாறு. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு ஓடட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராம் குச்சியைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய பல்லைத் துடைத்து, இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் காட்டினால் மாற்றத்தான் வேண்டும்.

'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' என்று ஆப்ட் அப்டேட்டில் வருகிறது. நான் எந்த ஹேஷும் கொடுக்கவில்லையே?
– நெட்வொர்க் உதவியாளர், திருநெல்வேலி ஜங்ஷன்

நீங்கள் கொடுக்காவிட்டாலும் ஆப்ட் (உபுண்டு, டெபியனில் மென்பொருளை இறக்கி நிறுவும் நிரல்) பார்க்கும். 'இன்ரிலீஸ்' என்ற ஃபைல் கையெழுத்திட்டது. அதற்குள் பேக்கேஜ் பட்டியல்களின் ஹேஷ் இருக்கும், பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் ஃபைலின் ஹேஷும் இருக்கும். மேலே ஒரு கையெழுத்து சரியென்றால் கீழே எல்லாம் கட்டுப்பட்டுவிடும். அதனால்தான் ஆப்ட் மூலம் இறக்குவதை நீங்கள் தனியே சரிபார்க்க வேண்டியதில்லை. மிரர் யாருடையதானாலும் கவலையில்லை.

மிஸ்மேட்ச் வரக் காரணம், மிரர் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் மாட்டியது. அல்லது உங்கள் அலுவலக ப்ராக்சி (இணையத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தருவது. அரைமணி கழித்து முயலுங்கள். அப்போதும் வந்தால் 'சுடோ ஆப்ட் கிளீன்', பிறகு வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ் என்று போகும் ஃபோல்டருக்குள் இருப்பதை அழித்து, 'சுடோ ஆப்ட் அப்டேட்'. வேறு நெட்டில் வராமல் அலுவலகத்தில் மட்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம், ப்ராக்சிதான். சரிபார்ப்பை அணைத்துவிடும் வழி என்று இணையத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தயாரித்த நிறுவனமே இப்போது இல்லை. பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர் ஒன்று கடைக்குக் கடை பென்டிரைவில் சுத்துது. ஹேஷ் போட்டால் எதோடு ஒப்பிட?
– டிடிபி சென்டர், பத்தமடை

வெளியிட்ட எண் இல்லாதபோது உறுதி கிடைக்காது. சந்தேகத்தைக் குறைக்க மட்டும் சில வழிகள் உண்டு.

எஸ்எச்ஏ256 எடுத்து வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் எண்ணை மட்டும் ஒட்டுங்கள். ஃபைலை ஏற்ற வேண்டாம். அந்த ஃபைல் ஏற்கெனவே அங்கே வந்திருந்தால், முதலில் எப்போது வந்தது, என்னென்ன பெயரில் வந்தது, எந்தெந்த ஆன்டிவைரஸ் என்ன சொன்னது எல்லாம் தெரியும். மென்பொருள் வெளிவந்த காலத்திலேயே வந்திருந்தால் நல்ல அறிகுறி. பதினைந்து வருடப் பழைய இன்ஸ்டாலர் போன மாதம்தான் முதன்முதலாகத் தென்பட்டது என்றால் யாரோ கைவைத்திருக்கக் கூடும். 'எதுவும் இல்லை' என்று வந்தால் 'நல்லது' என்று அர்த்தமில்லை, 'பார்த்ததில்லை' என்றுதான் அர்த்தம்.

அடுத்து, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு இடங்களிலிருந்து பிரதி வாங்குங்கள். வீரவநல்லூர்க் கடையில் ஒன்று, பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் ஒன்று என்று கிடைத்தால் நல்லது. இரண்டின் ஹேஷும் ஒன்றென்றால் நடுவில் யாரும் மாற்றவில்லை என்று ஓரளவு நம்பலாம். பக்கத்துக் கடையும் உங்கள் கடையும் ஒரே பென்டிரைவிலிருந்து எடுத்திருந்தால் ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை, பயனும் இல்லை. நிறுவனத்தின் பழைய பக்கம் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கம் இருந்தால், 'டீடெய்ல்ஸ்' அழுத்திக் கையெழுத்து செல்லும் என்று வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுவே எல்லாவற்றிலும் வலுவான சாட்சி. பழைய தமிழ் மென்பொருள்களில் பலவற்றில் இது இருக்காது.

எம்டி5 உடைந்துவிட்டது என்கிறார்கள். சில தளங்களில் அது மட்டும்தான் இருக்கிறது. பிரயோஜனம் உண்டா?
– கல்லூரி ஆய்வக உதவியாளர், தென்காசி

உண்டு, பாதி. 1992இல் வெளியான எம்டி5க்கு, ஒரே ஹேஷ் வரும் இரண்டு ஃபைல்களைத் தயாரிக்கலாம் என்று 2004இல் காட்டிவிட்டார்கள். 2012இல் பிடிபட்ட ஃப்ளேம் மால்வேர் அந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் மைக்ரோசாஃப்ட் கையெழுத்துபோல் ஒன்றைப் போலியாகப் போட்டது. எஸ்எச்ஏ1க்கு 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறான ஆனால் ஒரே ஹேஷ் உள்ள இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன.

ஆனால் கவனியுங்கள்: இந்த வித்தைக்கு இரண்டு ஃபைல்களையும் ஒரே ஆள் தயாரிக்க வேண்டும். ஏற்கெனவே இன்னொருவர் வெளியிட்ட ஃபைலின் எம்டி5க்கு ஒத்துப்போகும் வேறொரு ஃபைலைச் செய்வது இன்றும் நடைமுறையில் முடியாது. எனவே டவுன்லோடு பழுதா என்று பார்க்க எம்டி5 போதும். ஃபைலைத் தயாரித்தவரையே நம்ப முடியாத இடத்தில் அது உதவாது. இரண்டும் இருந்தால் எஸ்எச்ஏ256ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓ ஹேஷ் சரி. பென்டிரைவில் எழுதியபின் பென்டிரைவுக்கு ஹேஷ் எடுத்தால் வேறு வருகிறது. எழுதியதில் பிழையா?
– பள்ளி கணினி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பென்டிரைவ் 16 ஜிபி, ஐஎஸ்ஓ 6 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்துக்கும் ஹேஷ் எடுத்தால் மீதி 10 ஜிபியும் சேர்ந்து வேறாகத்தான் வரும். ஐஎஸ்ஓவின் பைட் அளவு வரை மட்டும் படிக்க வேண்டும்: லினக்ஸில் 'ஹெட் -சி', பைட் எண்ணிக்கை, டிவைஸ் பெயர், பைப் குறி ('|' என்ற நிமிர்ந்த கோடு), 'எஸ்எச்ஏ256சம்'. எழுதி முடித்ததும் பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகிவிட்டு எடுங்கள். இல்லையென்றால் கணினி தன் ராமில் இருப்பதையே படித்து 'சரி' என்று சொல்லிவிடும்.

ஐஎஸ்ஓவை அப்படியே பிம்பமாக எழுதியிருந்தால்தான் இது பொருந்தும். ஃபைல் ஃபைலாகப் பிரித்து எழுதும் முறையில் ஒப்பிடவே முடியாது. அந்தப் பென்டிரைவில் ஒரு முறை பூட் செய்துவிட்டாலும், விண்டோஸ் அதில் ஏதாவது எழுதிவிட்டாலும் எண் மாறும். விண்டோஸின் மீடியா கிரியேஷன் டூல் உருவாக்கும் ஐஎஸ்ஓ இன்னொரு கதை: அது உங்கள் கணினியிலேயே கட்டப்படுவதால் மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகாது. நேரடியாக இறக்கும் ஐஎஸ்ஓவுக்குத்தான், மொழிவாரியாக, அந்தப் பக்கத்தில் எண் இருக்கிறது.

எழுதிய உடனே சரியாக இருந்து, கழற்றிச் செருகினால் ஒவ்வொரு முறையும் தப்பாக வருகிறதா? 64 ஜிபி என்று மேலே அச்சடித்து உள்ளே 8 ஜிபி வைத்த போலிச் சரக்காக இருக்கலாம். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு நிரப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பது அழியக்கூடும், ஜாக்கிரதை.

கெட்ட ஃபைல்களின் ஹேஷ் பட்டியல் வைத்து அலுவலகக் கணினிகளில் தடுத்துவிட்டால் போதாதா?
– தனியார் நிறுவன ஊழியர், ராதாபுரம்

போதாது. மால்வேரில் ஒரு பைட்டைக் கூட்டினால் ஹேஷ் மாறிவிடும், பட்டியல் தோற்றுவிடும். உங்கள் பக்கத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான இணையக் கணினி ஒன்றில் மால்வேர் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று அதை நடத்தும் இந்திய அணுமின் கழகம் (என்பிசிஐஎல்) உறுதிசெய்தது. முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து அது தனியாக இருந்தது என்றும் சொன்னது. குறி வைத்து எழுதும் மால்வேர் எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி இருக்காது. பட்டியலைத் தலைகீழாகப் போடுங்கள்: ஓட அனுமதிக்கும் ஃபைல்களின் ஹேஷ் மட்டும் வைத்து, மற்றவை எல்லாவற்றையும் தடுப்பது. விண்டோஸில் ஆப்லாக்கர் இதைச் செய்யும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பட்டியல் மாறும் தலைவலி உண்டு. அதனால் பெரிய நிறுவனங்களின் மென்பொருளைக் கையெழுத்தின்படியும், கையெழுத்தில்லாத சிறியவற்றை மட்டும் ஹேஷின்படியும் அனுமதிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஹேஷும் சரி, கையெழுத்தும் சரி. அப்புறமும் ஆபத்து உண்டா?
– வாசகர், ஆலங்குளம்

உண்டு. எக்ஸ்இசட் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்ததை 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். அதை வைத்தவர் அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளர்களில் ஒருவர். வெளியிட்ட தொகுப்புக்கு அவரே கையெழுத்துப் போட்டார். ஹேஷ் கச்சிதமாக ஒத்துப்போனது. எல்லாருக்கும் கிடைத்தது அதே கெட்ட ஃபைல். பின்கதவைக் கிளப்பிவிடும் ஒரு துண்டு தொகுப்பில் மட்டும் இருந்தது, மூல நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. மூலத்திலிருந்து நாமே கட்டினால் அதே ஹேஷ் வருகிறதா என்று பார்க்கும் முறையை டெபியன் போன்றவை வலியுறுத்துவது இந்த மாதிரி இடைவெளியை அடைக்கத்தான்.

கோர்ட்டில் வீடியோ தாக்கல் செய்ய ஹேஷ் கேட்கிறார்கள். எப்போது எடுக்க வேண்டும்?
– வழக்கறிஞர் அலுவலக குமாஸ்தா, பாளையங்கோட்டை

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63(4) பிரிவின் சான்றிதழ்ப் படிவத்தில் ஹேஷ் எண்ணுக்கும், எந்தக் கணக்கில் எடுத்தது என்பதற்கும் இடம் இருக்கிறது. மூல ஃபைலைத் திறப்பதற்கும் அனுப்புவதற்கும் முன்பே எஸ்எச்ஏ256 எடுத்து எழுதிவைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோ மறுபடி சுருக்கப்படும், ஹேஷ் மாறிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் பைட்கள் அப்படியே போகும். படிவத்தின் இரண்டாம் பகுதி நிபுணர் நிரப்ப வேண்டியது; அது யார் என்பதை உங்கள் வக்கீல் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்பிஎம் லாக் ஃபைலில் இருக்கும் ஹேஷ் நான் எடுத்ததோடு ஒத்துவரவில்லை. கூட்டல் குறி, சாய்வுக்கோடு எல்லாம் இருக்கிறது.
– பயிற்சி மாணவர், வண்ணார்பேட்டை

என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் நிரல்) காட்டும் அது எஸ்எச்ஏ512, எழுத்து, எண், குறிகள் கலந்த பேஸ்64 முறையில் எழுதியது: 128 எழுத்துக்குப் பதில் 88, கடைசியில் இரண்டு சமக்குறி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் இதில் முக்கியம். 'ஓப்பன்எஸ்எஸ்எல் டிஜிஎஸ்டி -எஸ்எச்ஏ512 -பைனரி', ஃபைல் பெயர், பைப் குறி, 'ஓப்பன்எஸ்எஸ்எல் பேஸ்64 -ஏ' என்று எடுத்துப் பாருங்கள். '-ஏ' பெரிய எழுத்தில். இல்லையென்றால் விடை இரண்டு வரியாக உடைந்து வரும்.